ஏழு வாரப் பூஜ்யம்

பூஜ்யத்தை நான் நம்புவதில்லை. அதுவும் தொடர்ந்து ஏழு வாரம் வருகிற பூஜ்யத்தை.

எங்கள் நகரத்துக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் பத்தொன்பது வருடமாக ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்கிறவள் நான். ஊர் மொத்தமும் குளித்தது, துவைத்தது, கழித்தது எல்லாம் ஒரு வாய்க்கால் வழியாகக் கறுப்பாக உள்ளே வரும். தொட்டி தொட்டியாகத் தங்கி, சகதியைக் கீழே விட்டு, கடைசித் தொட்டியில் குளோரின் கலந்து, இன்னொரு வாய்க்கால் வழியாக ஆற்றில் இறங்கும். இறங்குகிற தண்ணீரில் மலக்கிருமி எத்தனை இருக்கிறது என்று எண்ணிக் கையெழுத்துப் போடுவது என் பொறுப்பு. என்னதான் பார்த்துப் பார்த்துச் சுத்தம் செய்தாலும் முந்நூறு, ஐந்நூறு என்று ஏதாவது மிஞ்சும். மிஞ்சினால்தான் அது கழிவுநீர் நிலையம். ஒன்றுமே இல்லையென்றால் யாரோ விளையாடுகிறார்கள் என்று அர்த்தம்.

நிலையத்தில் எனக்கு ‘லென்ஸ்’ என்று பட்டப்பெயர். என் முதுகுக்குப் பின்னால் சொல்வதாக அவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். முதுகுக்குப் பின்னால் பேசுவதைக் கேட்கத்தானே எனக்குக் காது இருக்கிறது. பால் பாக்கெட்டை எடைபோட்டுப் பார்க்கிற பெண்பிள்ளை நான். டாக்டர் சிரித்துப் பேசினால் மருந்துச்சீட்டை இரண்டு முறை படிப்பேன். இந்தக் குணத்தால் நிறையப் பேர் என்னோடு பேச்சை விட்டுவிட்டார்கள். அதற்காக நான் வருத்தப்பட்டதில்லை, ஏனென்றால் பாதி நேரம் என் சந்தேகம் சரியாகத்தான் இருந்திருக்கிறது.

பூஜ்யம் ஆரம்பித்த வாரத்தை நாள்காட்டியில் வட்டம் போட்டு வைத்திருந்தேன். அதே வாரம்தான் காலையில் சோதனைக்காகத் தண்ணீர் மாதிரி பிடிக்கிற வேலைக்கு என் தங்கை வீட்டுக்காரர் வந்து சேர்ந்தார். அதுவரை பம்ப் அறையில் இருந்தவர். மாதிரி பிடித்துக்கொண்டிருந்த பழைய ஆள் ஓய்வுபெற்றுப் போனதும் இவரை மாற்றிப் போட்டார்கள். சொந்தக்காரர் என்று நான் சலுகை காட்டவில்லை. இன்னும் சொல்லப்போனால் மற்றவர்களை ஒரு கண்ணால் பார்த்தால் இவரை இரண்டு கண்ணாலும் பார்த்தேன். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத மாதிரி இருப்பார். அப்படி இருக்கிறவர்கள்மேல்தான் எனக்குச் சந்தேகம் அதிகம்.

வந்த இரண்டாம் நாளே மாட்டிக்கொண்டார். அவர் கொண்டுவந்த பிளாஸ்டிக் கேனுக்குள் ஒரு செத்த எறும்பு மிதந்தது. கேனை அலசாமலே பிடித்திருக்கிறார். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுவிட்டு, ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி, மாதிரிப் பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் ஒட்டினேன்: ‘எல்லா பாட்டில்களையும் பிடிக்கும் தண்ணீராலேயே மூன்று முறை கழுவிய பிறகே நிரப்பவும்.’ ‘எல்லா’ என்பதற்குக் கீழே சிவப்பு மையில் இரண்டு கோடு.

அன்று மாலை அவர் ஆய்வக வாசலில் வந்து நின்றார். நான் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்திருந்தேன்.

“எல்லாத்தையுமாக்கா?” என்றார்.

“எல்லான்னா எல்லாந்தான் மாப்ளை. படிக்கத் தெரியும்ல?” என்றேன், நிமிராமலே.

“இல்ல, கேட்டுக்கலாம்னுதான்…” என்று இழுத்துவிட்டுப் போய்விட்டார்.

மறுநாளிலிருந்து கேன்கள் பளிச்சென்று வந்தன. கிருமி எண்ணிக்கை பூஜ்யம் வந்தது. முதல் வாரம் ஆச்சரியப்பட்டேன். இரண்டாம் வாரம் கிருமி எண்ணுகிற தட்டுகளை மாற்றிப் பார்த்தேன். மூன்றாம் வாரம் கிருமி வளர்க்கும் அலமாரியின் சூட்டைச் சோதித்தேன். எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. எங்கள் இன்ஜினியருக்கோ தலைகால் புரியவில்லை. பூஜ்யத்தை எடுத்துக்கொண்டு மேலிடத்துக் கூட்டத்துக்குப் போனார். திரும்பி வந்து இரண்டு காரியம் செய்தார். இவ்வளவு சுத்தமாக இருக்கும்போது குளோரின் எதற்கு இவ்வளவு என்று அதைப் பாதியாகக் குறைத்தார். நிலையத்துக்குக் கீழே ஆற்றுப் படித்துறையில், ‘இங்கே குளிக்கலாம்’ என்று பச்சை நிறத்தில் பலகை வைத்தார். பலகையின் அடியில், ஆய்வக அறிக்கையின்படி என்று சின்ன எழுத்தில் போட்டிருந்தது. அந்த அறிக்கையில் இருந்தது என் கையெழுத்து.

குளோரினைப் பாதியாகக் குறைத்த பிறகும் பூஜ்யமே வந்தபோதுதான் எனக்குக் கணக்கு உதைத்தது. மருந்தைக் குறைத்தால் கிருமி ஏற வேண்டாமா? ஏறவில்லையென்றால் பாட்டிலில் இருப்பது எங்கள் தண்ணீரே இல்லை. மாப்பிள்ளை வாய்க்கால் வரைக்கும் நடக்கச் சோம்பல்பட்டு அலுவலகக் குழாயில் பிடித்துக்கொண்டு வருகிறார் என்று தீர்மானித்தேன்.

ஏழாவது வாரம் புதன்கிழமை, பாட்டில் வந்ததும் ஒரு மடக்கு ஊற்றி உப்பு அளவைப் பார்த்தேன். குழாய்த் தண்ணீரில் உப்பு மிகக் குறைவு. இதில் நாலு மடங்கு இருந்தது. வாய்க்கால் தண்ணீர்தான். எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

அப்புறம் மூடியை மூக்கருகே கொண்டுபோனேன். மெலிதாக ஒரு நெடி. உடனே குளோரின் காட்டும் பொடியைப் போட்டுக் குலுக்கினேன். தண்ணீர் இளஞ்சிவப்பாக மாறியது.

இதை விளக்கியாக வேண்டும். கிருமி எண்ணுகிற பாட்டில் மற்றதைப் போல் இல்லை. கையடக்கமான சின்னக் கண்ணாடி பாட்டில். முந்தின நாள் மாலை அதில் நானே என் கையால் நாலு சொட்டு தயோசல்ஃபேட் விட்டு, மூடி, காகிதம் சுற்றி, நீராவியில் அவித்து வைப்பேன். நாங்கள் அதை வெறும் ‘சொட்டு’ என்போம். தண்ணீர் உள்ளே விழுந்த நொடியே அதிலுள்ள குளோரினைச் சொட்டு முறித்துவிடும். இல்லாவிட்டால் ஆய்வகத்துக்கு வந்து நான் சோதிக்க எடுக்கிற வரை இரண்டு மணி நேரமும் குளோரின் பாட்டிலுக்குள்ளேயே கிருமிகளைக் கொன்றுகொண்டிருக்கும். ஆற்றுக்குப் போனது ஒன்று, எனக்கு வந்தது இன்னொன்று என்று ஆகிவிடும்.

என் சொட்டையும் மீறி பாட்டிலில் குளோரின் மிஞ்சியிருக்கிறது என்றால், யாரோ கை நிறைய பிளீச்சிங் பவுடரைக் கலந்திருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ. பெட்டியைத் தூக்கி வருகிறவர் ஒருத்தர்தான்.

ஏன் செய்தார் என்றும் கண்டுபிடித்துவிட்டேன். பூஜ்யம் வந்தால் இன்ஜினியர் குளிர்ந்து போவார், மேஸ்திரி பதவி தருவார். மனிதன் என் கையெழுத்துக்குக் கீழேயே குழி பறித்திருக்கிறானே என்று நெஞ்சு எரிந்தது. சாயங்காலம் ஐந்து மணிக்கு, தங்கை முகம் கண்முன் வந்ததைத் தள்ளிவிட்டு, புகார்க் கடிதம் எழுதினேன். மாதிரியில் வேண்டுமென்றே குளோரின் கலக்கப்படுகிறது, பிடிப்பவரை வேலையிலிருந்து நீக்கி விசாரிக்க வேண்டும் என்று எழுதி, பெயர் போட்டு, இன்ஜினியர் கையிலேயே கொடுத்துவிட்டு வந்தேன்.

வாசலைத் தாண்டவில்லை, தங்கை போனில் அழைத்தாள். மகளுக்கு இரண்டு நாளாக வாந்தி, வயிற்றுப்போக்கு, வந்து பார் என்றாள்.

அவர்கள் வீடு மூன்றாவது மாடி. கதவைத் திறந்ததும் மருந்து வாசனை. பதினொரு வயதுப் பெண் கட்டிலில் வாடிய கீரைத் தண்டு மாதிரி கிடந்தாள். மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து கரண்டி கரண்டியாக உப்புச்சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

“டாக்டர் என்ன சொன்னாரு?” என்றேன் தங்கையிடம்.

“தண்ணியில வந்ததுங்கிறாரு. எங்க குளிச்சான்னு கேட்டாரு. ஆத்துலதான்னு சொன்னேன். போர்டு வச்ச நாள்லேர்ந்து ஞாயித்துக்கிழமை ஆனா அப்பாவும் மகளும் ஆத்துலதான் கிடக்கிறாங்க.”

“நீங்களா மாப்ளை கூட்டிட்டுப் போனீங்க?”

“ஆமாக்கா. முங்கு நீச்சல் பழகிட்டா,” என்றார், குனிந்த தலையோடு. “நான்தான் பழக்கினேன்.”

“உன்னை நம்பித்தான்க்கா விட்டோம்,” என்றாள் தங்கை. “மத்தவங்க ரிப்போர்ட்டுன்னா பரவாயில்ல. எங்கக்கா சைபர்னு எழுதினா சைபர்தான்னு பக்கத்து வீட்டுக்கெல்லாம் சொன்னாரு இவரு.”

பொய்யாக மாதிரி பிடித்த ஒருவன் அதே தண்ணீரில் தன் பெண்ணை இறக்குவானா? சாதாரணமாக யோசிக்கிறவளாக இருந்தால் அங்கேயே எனக்கு உறைத்திருக்கும். எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? என்ன நடிப்புடா சாமி என்று தோன்றியது. பெண்ணைக்கூடப் பணயம் வைத்திருக்கிறானே பாவி என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அவர் நீட்டிய டீயைக் குடிக்காமல் கிளம்பினேன்.

காலையில் கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும் என்று ஆறரை மணிக்கே நிலையத்துக்குப் போய்விட்டேன். கடைசி வாய்க்காலுக்கு எதிரே வால்வு அறை. அதன் ஜன்னலில் ஒரு கண்ணாடி உடைந்திருக்கும். தண்ணீர்க் குழாய்களுக்கு நடுவே பூனை மாதிரி பதுங்கி உட்கார்ந்தேன். ஐம்பத்திரண்டு வயதில் முழங்கால் படுத்திய பாட்டைச் சொல்லி மாளாது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருந்தேன்.

சரியாக ஏழு மணிக்கு மாதிரிப் பெட்டியோடு வந்தார். இரவு முழுக்கத் தூங்காத முகம். பெட்டியை மேடைமேல் வைத்துக் கையுறை மாட்டினார். சட்டைப்பையில் பொட்டலம் இருக்கிறதா என்று பார்த்தேன். ஒரு பேனாதான் இருந்தது. பெட்டியைத் திறந்தார். மூடியில் நான் ஒட்டிய அட்டையை, பள்ளிப் பிள்ளை மாதிரி விரலை ஓட்டி வாசித்தார். ஏழு வாரமாகத் தினம் இதைச் செய்கிறாரா என்ன?

முதலில் பெரிய கேன். வாய்க்காலில் முக்கிக் குலுக்கிக் கொட்டினார். “ஒண்ணு,” என்றார் சத்தமாக. “ரெண்டு. மூணு.” நாலாவது முறை நிரப்பினார். அடுத்தது நடுத்தர பாட்டில். அதையும் அப்படியே மூன்று முறை. இவ்வளவு ஒழுங்காக என் ஆய்வகத்தில் நான்கூடச் செய்வதில்லை. சரி, இனிமேல்தான் தில்லுமுல்லு ஆரம்பம் என்று ஜன்னலில் முகத்தை ஒட்டிவைத்தேன்.

சின்னக் கண்ணாடி பாட்டிலை எடுத்தார். காகிதத்தைப் பிரித்தார். மூடியைத் திறந்தார். வாய்க்காலில் முக்கி, குலுக்கி, கொட்டினார்.

“ஒண்ணு.”

என் நாலு சொட்டும் அந்த ஒரு கொட்டலில் வாய்க்காலோடு போனது.

“ரெண்டு. மூணு.”

நாலாவது முறை நிரப்பி, மூடி, ஐஸ் பெட்டியில் வைத்தார். எதையும் கலக்கவில்லை. கலக்கத் தேவையும் இல்லை. சொட்டு போன பாட்டிலில் குளோரின் தன்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் வேலை செய்து, எனக்குப் பூஜ்யத்தைச் செய்து அனுப்பிவிடும். அந்த பாட்டிலை மட்டும் அலசவே கூடாது. படித்து வந்தவர்களுக்கு முதல் வருடமே சொல்லித்தருவது அது. பழைய ஆளுக்குப் பழக்கத்தில் தெரியும். இவருக்கு யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. ‘எல்லா’ என்று சிவப்புக் கோடு போட்டுச் சொன்னவள் ஒருத்தி இருந்தாள்.

அவர் போன பிறகும் நான் எழுந்திருக்கவில்லை. கால் மரத்துப்போனது என்று வெளியே சொல்லிக்கொள்ளலாம். பூஜ்யத்தை நம்பிக் குளோரின் குறைந்தது. குளோரின் குறைந்ததால் கிருமியோடு தண்ணீர் ஆற்றுக்குப் போனது. அதே பூஜ்யத்தை நம்பிப் பலகை வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் மகளும் முங்கு நீச்சல் அடித்தார்கள். பத்தொன்பது வருடமாக ஊரில் உள்ள அத்தனை பேரையும் சந்தேகப்பட்டவள், என் கையெழுத்தை ஒரு நாள்கூடச் சந்தேகப்படவில்லை.

ஆய்வகத்துக்கு வந்து பெட்டி மூடியிலிருந்து அட்டையைப் பிய்த்துக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். ஏன் பிய்த்தேன் என்று இன்றுவரை உறுதியாகச் சொல்ல முடியவில்லை. காட்டுவதற்காக என்று சொன்னால் நானே நம்பமாட்டேன்.

பத்து மணிக்கு இன்ஜினியர் அறைக்குக் கூப்பிட்டார்கள். மாப்பிள்ளை மேசைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். என் கடிதம் மேசைமேல் விரித்திருந்தது. அவர் அதை வாசித்துவிட்டார் என்பது முகத்திலேயே தெரிந்தது. என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

“பாட்டில்ல என்னப்பா கலந்த?” என்றார் இன்ஜினியர்.

“ஒண்ணும் கலக்கலைங்க சார். அக்கா சொன்ன மாதிரிதான் பிடிச்சேன்.”

“அக்காதான் எழுதியே கொடுத்திருக்காங்களே. வேலையை விட்டுத் தூக்குற ஆர்டர் டைப் ஆயிட்டிருக்கு. நீயே ஒத்துக்கிட்டா கொஞ்சம் பார்த்துச் செய்யலாம்.”

“செய்யாததை எப்படிங்க சார் ஒத்துக்கிறது?” என்றார். “புள்ளை ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வந்து படுத்திருக்கு சார்.”

வாயைத் திறக்காமல் நான் இரண்டு நிமிடம் நின்றால் போதும், எல்லாம் முடிந்துவிடும். அவருக்கே தான் என்ன தப்பு செய்தோம் என்று தெரியாது. அட்டை என் பையில் இருந்தது. நாளைக்கு வேறு ஆள் வருவான், அவனிடம் வாயால் சொல்லிவிடலாம். எண்ணிக்கை திரும்பி வரும். லென்ஸ் கண்டுபிடித்துவிட்டாள் என்று என்னைப் பாராட்டக்கூடச் செய்வார்கள். இதெல்லாம் எனக்குத் தோன்றியது. தோன்றவே இல்லை என்று சொல்ல மாட்டேன்.

பையைத் திறந்து அட்டையை எடுத்துக் கடிதத்தின்மேல் வைத்தேன்.

“சார், இது என் எழுத்து. கழுவக்கூடாத பாட்டிலைக் கழுவச் சொன்னது நான். உள்ள இருந்த மருந்து அதுல போயிடுச்சு. அவரு எதையும் கலக்கலை. காலையில ஒளிஞ்சிருந்து பார்த்தேன். ஏழு வாரமா வந்த பூஜ்யம் அத்தனையும் பொய்.”

இன்ஜினியர் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

“மேடம், என்ன பேசுறீங்கன்னு தெரியுதா? இவரு தப்புன்னா ஒரு ஆளோட முடியும். உங்க தப்புன்னா மேலிடம் வரைக்கும் போகும். ஏழு வாரமும் நீங்கதான் கையெழுத்துப் போட்டிருக்கீங்க.”

“ஆமா சார். அதனாலதான் சொல்றேன். படித்துறை போர்டை இப்பவே எடுக்கச் சொல்லுங்க. குளோரினைப் பழைய அளவுக்கு ஏத்தச் சொல்லுங்க. மத்ததை அப்புறம் என்மேல எழுதிக்கலாம்.”

அப்போதுதான் மாப்பிள்ளை என் பக்கம் திரும்பினார். கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“அன்னிக்கு வந்து கேட்டேனேக்கா,” என்றார் மெதுவாக. “அந்தச் சின்ன பாட்டிலைக் கையில வச்சுக்கிட்டுத்தான் கேட்டேன். நீங்க நிமிர்ந்து பார்க்கல.”

அன்றே நான் போய் வாய்க்காலில் சின்ன பாட்டிலை அலசாமல் பிடித்து வந்தேன். மறுநாள் தட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். ஒன்பதாயிரம். இரண்டு முறை எண்ணினேன், ஒன்பதாயிரம்தான். அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பலகையைப் பிடுங்கிவிட்டார்கள். எனக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது, சம்பள உயர்வு நின்றது. குழந்தை நாலு நாளில் எழுந்து உட்கார்ந்தாள். தங்கை மட்டும் இன்னும் போனை எடுப்பதில்லை.

மாப்பிள்ளை அதே வேலையில்தான் இருக்கிறார். அடுத்த திங்கட்கிழமை காலை ஆறே முக்காலுக்கு ஆய்வக வாசலில் வந்து நின்றார். மூன்று பாட்டில்களையும் என் மேசைமேல் வரிசையாக வைத்தார்.

“எதை எதைக் கழுவணும், எதைக் கழுவக்கூடாதுன்னு எழுதிக் கொடுங்கக்கா.”

“அதான் வாயால சொன்னேனே மாப்ளை.”

“சொன்னீங்க. இருந்தாலும் எழுதிக் கொடுத்துடுங்க. கீழ கையெழுத்தும் தேதியும் போட்டுடுங்க.”

நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்து, ஒவ்வொரு பாட்டிலாகக் கையில் எடுத்து, கேட்டுக் கேட்டு எழுதினேன். கையெழுத்துப் போட்டேன், தேதி போட்டேன். அவர் வாங்கி ஒரு முறை படித்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடியும் முதல் வரியிலிருந்து படித்தார். பிறகுதான் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பெட்டியைத் தூக்கினார்.